அலமாரியாகிப்போன ஃப்ரிட்ஜ்

ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரையோ மயிலாப்பூரோ, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஃப்ரிட்ஜ் காலி செய்யப்படுகிறது. முதலில் வெளியே வருவது தோசைமாவு இருக்கும் பெரிய எவர்சில்வர் தூக்கு. அதன் பின்னால் வியாழக்கிழமை வைத்த வத்தக்குழம்பு. அதற்கும் பின்னால், மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தால்தான் இன்னதென்று தெரியும் மூன்று கிண்ணங்கள். ஓர் ஐஸ்கிரீம் டப்பா. உள்ளே இருப்பது மிளகாய்ப்பொடி. காய்கறி டிரேயின் அடியில், வாங்கி வந்த பிளாஸ்டிக் பையோடு கூழாகிப்போன கொத்தமல்லிக் கட்டு. கதவில் பால் பாக்கெட், முட்டை, தாத்தாவின் இன்சுலின், ஹோட்டல் பார்சலோடு வந்த சாஸ் பொட்டலங்கள், நாளைக்கு வைத்துக்கொள்ள எடுத்துவைத்த மல்லிகைச் சரம்.

சமையல் மேடை நிறைந்து, சாப்பாட்டு மேஜையும் நிறைந்துவிடுகிறது. இவ்வளவும் உள்ளே எப்படி இருந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் வியப்பு. கெட்டதைக் கொட்டிவிட்டுப் பெட்டியைத் துடைக்கிறார்கள். மதியத்துக்குள் மீதமெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடுகின்றன. அடுத்த மாதமும் இதே காட்சி.

துடைத்ததில் குறையில்லை. திரும்ப வைத்த விதத்தில்தான் கோளாறு. தட்டுகள், கதவு, விளக்கு என்று பார்வைக்கு ஃப்ரிட்ஜ் ஓர் அலமாரிபோல இருக்கிறது. அதனால் அலமாரியைப்போலவே அதில் பொருள்களை அடைக்கிறோம். அலமாரியில் எந்தப் புடவை எந்தத் தட்டில் இருந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. ஃப்ரிட்ஜில் அப்படியில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெப்பநிலை, ஒவ்வொரு டிரேக்கும் ஓர் ஈரப்பதம். உள்ளே காற்று ஓடிக்கொண்டிருக்கிறது, பழங்கள் வாயு வெளியிடுகின்றன, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மெதுவாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன. இவற்றைத் தெரிந்துகொண்டவர் அடுக்கும் ஃப்ரிட்ஜும் தெரியாதவர் அடுக்கும் ஃப்ரிட்ஜும் ஒன்றாக இருக்காது.

வெப்பத்தை வெளியே இறைக்கும் எந்திரம்

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதுதான் காரணம். ஃப்ரிட்ஜ் செய்வதும் இதையேதான். பெட்டிக்குள் ஓடும் குழாயில் ஒரு திரவம் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சாம்பாரிலிருந்தும் பாலிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி, பின்புறத்தில் அல்லது பக்கவாட்டில் இருக்கும் குழாய்களுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை அறைக்குள் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. கிணற்றிலிருந்து தண்ணீரை இறைப்பதுபோல, பெட்டிக்குள்ளிருந்து வெப்பத்தை இறைத்து வெளியே ஊற்றும் வேலை இது. ஃப்ரிட்ஜின் பின்பக்கமோ பக்கச்சுவரோ தொட்டால் சுடுவது அந்த வெப்பம்தான்.

இந்த எந்திரம் வருவதற்கு முன்பு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் வேலையைப் பனிக்கட்டி செய்தது. அமெரிக்காவின் பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர், மாசச்சூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி உலகெங்கும் விற்றார். 1833இல் அவருடைய முதல் சரக்கு கல்கத்தாவுக்கு வந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுந்தது. திருவல்லிக்கேணிப் பக்கம் இன்றும் மக்கள் வாயில் வழங்கும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற பெயர் அதனால் வந்ததுதான். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிச் சென்ற அந்தக் கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லம்.

குளிரை வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தன் வாழ்க்கையைச் செலவிட்ட விஞ்ஞானி ஒருவர் உண்டு. மேரி எங்கிள் பென்னிங்டன். அமெரிக்க வேதியியலாளர். 1892இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தபோது, பெண் என்பதால் அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டு வெறும் சான்றிதழ் தரப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தில் 1895இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்க வேளாண் துறையின் உணவு ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். பால், முட்டை, கோழி இறைச்சி ஆகியவை பண்ணையிலிருந்து சமையலறை வரை கெடாமல் வந்து சேர என்ன குளிர், என்ன சுத்தம் வேண்டும் என்பதை ஆராய்ந்து வரையறுத்தார். 1920களில் இல்லத்தரசிகளுக்காகச் சிறு கையேடுகளை எழுதினார். அவற்றில் ஒன்றின் தலைப்பு: ‘குளிர் என்பது வெப்பம் இல்லாமை’.

அந்தத் தலைப்பை நினைவில் வைத்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். உள்ளே வைக்கும் ஒவ்வொரு பொருளிலிருந்தும் வெப்பம் வெளியேறியாக வேண்டும். வெளியேற அதற்கு வழி வேண்டும். அந்த வழி காற்று. தட்டுகளில் இடைவெளியே இல்லாமல் திணித்தால் காற்று ஓடாது. காற்று ஓடாத மூலையில் இருக்கும் கிண்ணம் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ஒரே பெட்டியில் பல ஊர்

குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் மேலே இருக்கிறது. அதற்கு நேர் கீழே உள்ள சில்லர் தட்டு மிகவும் குளிர்ந்த இடம். அங்கிருந்து குளிர்காற்று பின்சுவரை ஒட்டிக் கீழே வழிகிறது. இரட்டைக் கதவு ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ வகைகளில் ஒரு சிறு விசிறி, பின்சுவரில் உள்ள துவாரங்கள் வழியாகக் குளிர்காற்றை ஊதுகிறது. அந்தத் துவாரத்தை மாவுத் தூக்கால் அடைத்துவிட்டால் தூக்கின் பின்பக்கம் மாவு உறையும். கீழ்த்தட்டில் பால் திரியும்.

எல்லாவற்றிலும் வெப்பமான இடம் கதவு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதில் இருக்கும் பொருள்கள் அறையின் வெப்பத்துக்குள் வந்து போகின்றன. ஆனால் தயாரிப்பாளர்கள் முட்டைக்கும் பால் பாக்கெட்டுக்கும் கதவிலேயே இடம் செய்து தருகிறார்கள். கையருகே இருப்பது வசதிதான். கெடும் பொருளுக்கு அந்த வசதி ஆகாது. கதவுக்கு ஏற்றவை உப்போ, புளிப்போ, சர்க்கரையோ தாமே காவலாக இருக்கும் பொருள்கள்: ஊறுகாய், சாஸ், ஜாம், தண்ணீர் பாட்டில். பாலும் தயிரும் முட்டையும் உள்தட்டுக்குப் போக வேண்டும்.

இன்சுலினுக்கு இது இன்னும் முக்கியம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கதவில் ஏற்ற இறக்கம் அதிகம். ஃப்ரீசரை ஒட்டினால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை, தூக்கி எறிய வேண்டியதுதான். நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், ஒரு சிறு டப்பாவுக்குள் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

பச்சை மீனும் கோழியும் மட்டும் தனிக்கதை. அவற்றிலிருந்து வடியும் நீரில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். அவை சமைக்கும்போது இறந்துவிடும். ஆனால் அந்த நீர் கீழே இருக்கும் வெள்ளரிக்காயின் மீதோ மூடாத தயிரின் மீதோ சொட்டினால், அவற்றை யாரும் கொதிக்க வைக்கப் போவதில்லை. அதனால் பச்சை இறைச்சி எப்போதும் சமைத்த உணவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் உணவுப் பாதுகாப்பில் அடிப்படை விதி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மிகக் குளிர்ந்த சில்லர் தட்டு மேலே இருப்பதால் அங்கேதான் மீனை வைக்கத் தோன்றும். வைக்கலாம், ஆனால் இறுக மூடிய, ஒழுகாத டப்பாவில் மட்டுமே. கடைக்காரர் தந்த பையோடு வைக்கக் கூடாது.

ஐந்து டிகிரியின் கணக்கு

5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரையிலான வெப்பநிலையை உணவுப் பாதுகாப்புத் துறையினர் அபாய மண்டலம் என்கிறார்கள். அதன் நடுப்பகுதியில், தமிழ்நாட்டுச் சமையலறையின் சாதாரண வெக்கையில், சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டாகும். இதே வேகத்தில் போனால் 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். 5 டிகிரிக்குக் கீழே இந்த ஓட்டம் ஆமை நடையாகிவிடுகிறது. ஃப்ரிட்ஜ் வாங்கித் தருவது இந்தத் தாமதத்தைத்தான். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் பெருக்கம் நின்றேவிடும். ஆனால் பல கிருமிகள் சாகாமல் காத்திருக்கும், உருகியதும் மறுபடி பெருகும்.

குளிருக்கு அஞ்சாத கிருமிகளும் உண்டு. லிஸ்டீரியா அப்படிப்பட்டது. உறைநிலைக்குச் சற்று மேலேயே மெதுவாக வளரக்கூடியது. கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது உயிராபத்து. 2017, 2018ஆம் ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில், பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவிய லிஸ்டீரியா ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதிவானவற்றில் மிகப் பெரிய லிஸ்டீரியா பரவல் அது. ‘குளிரில் இருக்கிறதே, என்ன ஆகிவிடும்?’ என்று ஃப்ரிட்ஜைத் துடைக்காமல் விடுவது ஏன் தவறு என்பதற்கு இந்தக் கிருமி ஒன்றே போதும். சிந்திய பால், வடிந்த மீன்நீர், அழுகிய கீரை எல்லாம் அதற்குத் தீனி.

சோற்றில் வேறொரு கிருமி இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ். அரிசியோடு வரும் அதன் வித்துகள் கொதிநீரிலும் தப்பிப் பிழைக்கும். வடித்த சோறு வெளியிலேயே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மத்தியானச் சோற்றை இரவு வரை மேடையில் விட்டுவிட்டுப் பிறகு ஃப்ரிட்ஜில் வைப்பது, திருடன் போன பிறகு கதவைச் சாத்துவதற்குச் சமம்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் சேர்த்துவிட வேண்டும் என்பது பொதுவான விதி. வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த அவகாசம் 1 மணி நேரம்தான். தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதிப் பகல்கள் 32 டிகிரியைத் தாண்டியவை. ஆக, இங்கே பொருந்தும் கணக்கு 1 மணி நேரம்.

சூடாக ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டுப்போகும் என்று பாட்டிகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொதிக்கும் குக்கரை உள்ளே வைத்தால் அதன் வெப்பம் பக்கத்தில் இருக்கும் பாலுக்கும் தயிருக்கும் போகும். அதற்காக முழுக்க ஆறும்வரை நாலு மணி நேரம் வெளியே விடவும் கூடாது. வழி எளியது. குழம்பை ஆழம் குறைந்த இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்துக் கிளறிவிட்டால் அரை மணி நேரத்தில் ஆவி அடங்கிவிடும். பிறகு மூடி உள்ளே வைத்துவிடலாம். மூன்று லிட்டர் சாம்பார் ஒரே பாத்திரத்தில் இருந்தால் வெளிப்புறம் குளிர்ந்தாலும் நடுப்பகுதி நெடுநேரம் அபாய மண்டலத்திலேயே இருக்கும்.

ஆப்பிளும் கொத்தமல்லியும் ஏன் சேராது?

பறித்த பிறகும் காய்களும் பழங்களும் மூச்சு விடுகின்றன. சில பழங்கள் எத்திலீன் என்ற வாயுவையும் வெளியிடுகின்றன. 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வகத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் நிமிராமல் பக்கவாட்டில் வளைவதைக் கவனித்தார். தேடிப் பார்த்ததில், விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். பழுத்த ஆப்பிள் அதே வாயுவைத் தானே உண்டாக்குகிறது என்று 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிறுவினார். வாழைத்தாரையும் மாம்பழத்தையும் பழுக்க வைக்கும் அறைகளில், தடைசெய்யப்பட்ட கார்பைடு கல்லுக்குப் பதிலாக 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப்பதும் இதே எத்திலீனைத்தான்.

ஆப்பிள், பப்பாளி, மாம்பழம், வாழை, தக்காளி ஆகியவை எத்திலீனை அள்ளி வீசுபவை. கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, கேரட், ப்ரொக்கோலி ஆகியவை அதைத் தாங்க முடியாதவை. ஒரே டிரேயில் பூட்டி வைத்தால் கொத்தமல்லி மஞ்சளாகும், கேரட்டில் கசப்பேறும். ஆப்பிளைக் காய்கறி டிரேயிலிருந்து எடுத்து மேல்தட்டில் வைப்பதே போதும், கீரையின் ஆயுள் கூடும்.

சில காய்களுக்கு ஃப்ரிட்ஜே பகை. வெப்பமண்டலத்தில் பிறந்தவை குளிரில் நோய்ப்படும். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். அதை வறுத்தால் இனிப்பாகவும் கருகலாகவும் வரும். வெங்காயத்துக்கு ஈரக்காற்று ஆகாது, காற்றோட்டமுள்ள கூடைதான் சரி. தக்காளியைப் பற்றி 2016இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு கவனிக்கத் தக்கது. 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த தக்காளியில் சர்க்கரையும் புளிப்பும் குறையவில்லை, மணம் தரும் பொருள்கள் குறைந்துவிட்டன. குளிர் அந்த மணத்துக்கான மரபணுக்களின் செயல்பாட்டை அடக்கிவிடுகிறது. வெளியே எடுத்து வைத்தாலும் இழந்த மணம் முழுதாகத் திரும்பவில்லை. நன்றாகப் பழுத்த தக்காளியை ஓரிரு நாள் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். காயாகவோ செங்காயாகவோ இருந்தால் வெளியே பழுக்கவிட வேண்டும்.

கொத்தமல்லி கூழாவதற்கு இன்னொரு காரணம் ஈரம். கழுவிய தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் இலைமேல் நீர்த்துளி நிற்கும். அங்கே பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறும். மூடாமல் தட்டில் விட்டாலோ உலர்ந்த குளிர்காற்று இலையின் நீரை உறிஞ்சி வாட்டிவிடும். வேரை நறுக்கி, அழுகிய இலையைக் களைந்து, கழுவாமல் உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் இரண்டுக்கும் நடுவே சரியான ஈரம் கிடைக்கும். துணிக்குப் பதில் செய்தித்தாள் வேண்டாம். அச்சு மையிலுள்ள வேதிப்பொருள்கள் உணவில் சேரும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்திருக்கிறது.

தோசைமாவு ஃப்ரிட்ஜிலும் உயிரோடுதான் இருக்கிறது. அதைப் பொங்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் குளிரில் வேகம் குறைகின்றன, நிற்பதில்லை. புளிப்பு நாளுக்கு நாள் ஏறுவது அதனால்தான். முழு மாவையும் தினமும் வெளியே எடுத்து உள்ளே வைப்பதைவிட, இரண்டு டப்பாக்களில் பிரித்து வைத்து ஒன்றை முடித்த பிறகு மற்றதைத் திறந்தால் புளிப்பு தாமதமாகும்.

துடைக்கும் நாள்

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கெடக்கூடிய பொருள்களை ஒரு பெரிய அண்டாவில் ஐஸ்கட்டிகளோடு வைத்து மூடிவிட்டால் வேலை முடியும்வரை தாங்கும். கண்ணாடித் தட்டுகளை எடுத்ததும் வெந்நீரில் கழுவக் கூடாது. சில்லென்றிருக்கும் கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரியும்போது விரிசல் விடலாம். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே கழுவ வேண்டும்.

உள்சுவருக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்தால் போதும். மேலிருந்து கீழாகத் துடைத்து, சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். சோடா பிசுக்கை எடுப்பதோடு நாற்றத்தையும் குறைக்கும். திரிந்த பாலின் வாடை அமிலம். காரமான சோடா அதைச் சமன்படுத்திவிடும். மீன் வாடையோ அமீன் என்ற காரவகை. அதற்கு எலுமிச்சையோ வினிகரோதான் எதிர்மருந்து. மீன் வறுவலுக்கு எலுமிச்சை பிழிவதன் வேதியியலும் இதுவே. பூண்டு, வெங்காய வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது. அதற்கு ஒரு கிண்ணத்தில் ஆக்டிவேட்டட் கரி வைத்தால் அதன் நுண்துளைகளில் வாடை ஒட்டிக்கொள்ளும். பிளீச்சிங் திரவத்தையும் வினிகரையும் மட்டும் ஒருபோதும் சேர்த்துவிடக் கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

மல்லிகையின் மணம் பாலிலும் வெண்ணெயிலும் ஏறுவதற்கும் காரணம் உண்டு. வாசனைப் பொருள்கள் பல கொழுப்பில் எளிதாகக் கரைபவை. பூவுக்கு ஒரு மூடிய டப்பா ஒதுக்கினால் காபியில் மல்லிகை வாசம் வராது.

துடைப்பவர்கள் பெரும்பாலும் மறப்பது மூன்று இடங்கள். முதலாவது கதவு ரப்பர். அதன் மடிப்புகளில் கறுப்பாகப் படிவது பூஞ்சை. பழைய டூத்பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். ரப்பர் சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்க, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த வழியாகக் குளிர் போகிறது, கூடவே கரண்ட் பில்லும் ஏறுகிறது.

இரண்டாவது, பின்பக்கக் குழாய்கள். அவற்றில் தூசு படிந்தால் வெப்பம் வெளியேற முடியாமல் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும்.

மூன்றாவது இடம் பலர் பார்த்தே இராதது. பல ஃப்ரிட்ஜ்களில் உருகிய பனிநீர் ஒரு குழாய் வழியாகப் பின்புறம் கம்ப்ரஸருக்கு மேலே உள்ள சிறு தட்டில் விழும். கம்ப்ரஸரின் சூட்டில் அது ஆவியாகிவிட வேண்டும். ஆகாமல் தேங்கினால் அந்தத் தெளிந்த நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். மழைக்காலத்தில் வீடுவீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் பார்த்த கையோடு ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பது இதனால்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை அந்தத் தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பது முக்கியம், ஏடிஸின் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உலர்ந்தும் உயிரோடு இருக்கும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் பனி மண்டினால் அதுவே ஒரு போர்வையாகி வெப்பம் உள்ளிருந்து போவதைத் தடுக்கும். பனி அரை சென்டிமீட்டர் ஏறும் முன்பே டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிட வேண்டும். கத்தியால் குத்திப் பெயர்ப்பது மிகவும் தவறு. அந்தப் பனிக்குப் பின்னால் மெல்லிய உலோகச் சுவரில் வாயு ஓடுகிறது. முன்பு அப்படி ஓடியவை குளோரோஃபுளோரோகார்பன்கள். ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் கண்டுபிடித்துச் சொன்ன அவை, 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாக விலக்கப்பட்டன. இன்றைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். சமையல் எரிவாயுவின் உறவினர், தீப்பற்றக்கூடியது. கத்தி முனை பட்டு ஓட்டை விழுந்தால் மெக்கானிக் செலவோடு ஆபத்தும் சேரும்.

திரும்ப வைக்கும் ஒழுங்கு

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ. முகர்ந்து பார்த்த அந்த மூன்று கிண்ணங்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை.

எவர்சில்வர் கிண்ணத்தின் குறை, உள்ளே இருப்பது தெரியாது என்பது ஒன்றுதான். மூடியின்மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயரையும் தேதியையும் எழுதினால் அந்தக் குறை தீர்ந்தது. சமைத்த மிச்சம் சரியான குளிரில் 3 அல்லது 4 நாள் தாங்கும். அதற்குமேல் வாடை வராவிட்டாலும் வைத்திருக்கக் கூடாது. நோய் தரும் கிருமிகள் பலவும் நாற்றத்தை உண்டாக்குவதில்லை, மூக்கு அவற்றைக் கண்டுபிடிக்காது. பழைய மிச்சம் கண்ணுக்கு நேராக முன்னால், புதியது பின்னால் என்று வைத்தால் எது முதலில் தீர வேண்டுமோ அது முதலில் தீரும். எடுத்ததைத் தேவையான அளவு மட்டும் பிரித்து, கொதிக்கும்வரை சூடாக்க வேண்டும். சூடாக்கிய மிச்சத்தை மறுபடி உள்ளே வைப்பதை விட்டுவிட வேண்டும்.

புயல் நாள்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா சென்னையையும், 2018 நவம்பரில் கஜா டெல்டா மாவட்டங்களையும் இருளில் தள்ளியபோது வீடுதோறும் எழுந்த கேள்வி, ஃப்ரிட்ஜில் இருப்பதைச் சாப்பிடலாமா என்பது. கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வீட்டில் ஆளில்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று அறிய ஓர் எளிய ஏற்பாடு போதும். ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்க வேண்டும். ஊரிலிருந்து திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் மூழ்கி உறைந்திருந்தால் எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீனும் இறைச்சியும் குப்பைக்குத்தான்.

கடைசியாக ஒன்று. ஃப்ரிட்ஜின் திருகில் உள்ள 1 முதல் 7 வரையிலான எண்கள் டிகிரியைக் குறிப்பவை அல்ல. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் எண் ஏற ஏறக் குளிர் கூடும், அவ்வளவுதான். உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் பார்த்ததில்லை. ஒரு சாதாரண சமையலறை வெப்பமானி வாங்கி, இன்றிரவு ஒரு தம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். காலையில் முதல் ஆளாகக் கதவைத் திறந்து பாருங்கள். 5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் நல்லது. அதிகம் காட்டினால் திருகை ஓர் எண் கூட்டி, அடைத்துக்கொண்டு நிற்கும் பாத்திரங்களை நகர்த்திக் காற்றுக்கு வழிவிட்டு, மறுநாள் காலை மீண்டும் பாருங்கள்.